மருந்தின் மற்ற மூன்று அங்கங்கள்

பருவத் தேர்வு நெருங்கும் நாட்களில் கோவைப் பீளமேட்டு விடுதி அறைகளில் பாடப் புத்தகங்களுக்கு அருகே அமுக்கரா மாத்திரையும் வல்லாரைச் சூரணமும் இடம்பிடித்துவிடுகின்றன. எந்தப் பொருளையும் நிறுத்தும் அளந்தும் பார்த்த பின்னரே முடிவுரைக்க வேண்டும் என்று பயின்ற இவ்விளைஞர், இவற்றை மட்டும் பரிசோதியாமல் விழுங்குவதேன்? மூடநம்பிக்கை என்று சொல்லி அகன்றுவிடுவது நியாயமாகாது.

பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் போலவே ஆப்த வாக்கியத்தையும் பிரமாணமாக ஏற்றது நம் தர்க்க சாஸ்திரம். ஆனால், விஷயத்தை உள்ளபடி அறிந்தவரும், அறிந்ததை மறைக்காமல் சொல்பவருமே ஆப்தர் என்று அது வரையறுத்தது. பெருந்துறைப் பக்கத்துக் கிராமமொன்றில், சுக்கையும் கொத்தமல்லியையும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய காப்பியை நீட்டி, பேரனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, “இதைக் குடிச்சுப்போட்டுப் படு சாமி, நாளைக்கும் காய்ச்சல் உடுலீன்னா ஆசுபத்திரிக்குப் போயர்லாம்” என்று சொல்லும் அப்பத்தா அத்தகையவர். மருந்தின் எல்லையையும் அவர் அறிவார் என்பதே, என் கருத்தில், அவர் வாக்குக்குப் பிரமாணத் தகுதி தருகிறது. டப்பாவின் மேலட்டையோ அவருடைய குரலை இரவல் வாங்குகிறதேயன்றி, மறுநாள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. சரக சம்ஹிதையின் கொள்கையும் இதுவே. 1943-ல் பி.வி. இராமவாரியர் ஆரிய வைத்திய பார்மசியைத் தோற்றுவித்த இந்தக் கோவையில், மருந்தைப் போலவே வைத்தியரும் எட்டாதவரல்லர். ஆயினும் வீட்டைப் பிரிந்து, உறக்கமிழந்து, தோல்விக்கு அஞ்சித் தனித்திருக்கும் மாணவன் உண்மையில் தேடுவது அந்த நான்காமவரை. கடையில் அவனுக்குக் கிடைப்பதோ மருந்து ஒன்றுதான்.

மூலிகையாதலால் தீங்கில்லை என்ற எண்ணமும் ஆதாரமற்றது. அமுக்கரா உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்தது. இதை அவனிடம் சொல்ல வேண்டிய ஆங்கில மருத்துவரிடம் அவன் வாய் திறப்பதில்லை. நாட்டு மருந்து என்றதும் ஏளனம் செய்வார் என்ற அச்சம் அவனைத் தடுக்கிறது. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவருடையது: “வேறென்ன சாப்பிடுகிறாய், தம்பி? எத்தனை நாளாகத் தூக்கமில்லை?” என்று அவரே பரிவோடு கேட்கட்டும், அவன் மறைக்காமல் சொல்லுவான்.