ஆடுகளமும் கல்விக்கூடமும்

கல்வி கற்பிப்பதற்கென்று பலர் தந்த பொருளைக் காத்து நிற்போர், அதனைப் பிறிதொன்றுக்குச் செலவிடலாமா? கூடாது என்று எவரும் உடனே விடை பகர்வர். ஆனால், அப்பிறிதொன்று கல்விக்கூடத்தின் பெயரையே தாங்கி, அதன் கொடியையே ஏந்தி, அதன் புகழை நாடெங்கும் பரப்புமாயின் யாது சொல்வது? அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக் கழகங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவின் முன் நின்று தடுமாறுகின்றன.

அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதற்போட்டி, 1852இல் நிகழ்ந்த படகுப் பந்தயமாகும். ஹார்வர்டு மாணவரும் யேல் மாணவரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் துடுப்பு வலித்தனர். அவர்களை வரவழைத்துச் செலவை ஏற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? ஓர் இரயில் கம்பெனி! வேடிக்கை பார்க்க வருவோர் பயணச்சீட்டு வாங்குவர் என்பது அதன் கணக்கு. ஆகவே வாணிகம் பின்னாளில் சுவரேறிக் குதித்த கள்வன் அன்று. முதல் விருந்தை வைத்தவனே அவன்தான்.

இன்று அவ்விருந்து மிகப் பெரிது. அவர்கள் கால்பந்து என்றழைக்கும் ஆட்டத்தை (காலினும் கைக்கே அதில் வேலை மிகுதி; பெயர் மட்டும் அப்படி) காண மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். பல மாநிலங்களில் அரசு ஊழியருள் மிக உயர்ந்த ஊதியம் பெறுபவர் ஆளுநரல்லர், பல்கலைக் கழகத் தலைவருமல்லர், ஆட்டப் பயிற்சியாளரே. 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக் கழகம் தன் பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக்கியது. அதற்காக அவருக்குத் தர வேண்டி வந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்வதற்கன்று, செய்யாமலிருப்பதற்கு!

இத்துணைப் பணம் புழங்குமிடத்தில் ஆதாயம் கொழிக்கும் என்றே தோன்றும். ஆனால், முதல்தரப் பிரிவில் ஆடும் பல்கலைக் கழகங்களுள்ளும் ஒரு சிலவற்றின் விளையாட்டுத் துறைகளே தம் வருவாயால் தம் செலவை ஈடுகட்டுகின்றன. ஏனையவற்றின் பற்றாக்குறையைப் பல்கலைக் கழகப் பொது நிதியும், மாணவர் கட்டாயமாகச் செலுத்தும் கட்டணமும் நிரப்புகின்றன. கடன் வாங்கிப் படித்து, மாலையில் உணவு விடுதியில் தட்டுக் கழுவும் பெண்ணொருத்தி, தான் ஒருநாளும் காணப்போகாத ஆட்டத்திற்குத் தன் பங்கைச் செலுத்துகிறாள். இது மிகுந்துவிட்டதென்று கண்டே, வர்ஜீனியா மாநிலம் 2015இல் இத்தகைய கட்டணத்துக்குச் சட்டத்தால் வரம்பு கட்டியது.

மறுபக்கத்தையும் கேட்டல் நடுநிலைமை. ஆட்டக்காரருக்கு வழங்கும் கல்விச் சலுகையை முழு விலையிட்டுத் துறையின் செலவில் எழுதுகின்றனர். அது போய்ச் சேர்வதோ அதே பல்கலைக் கழகத்திற்கு. ஒரே சட்டையின் இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றியதை நட்டம் என்பது முற்றும் சரியன்று எனப் பொருளியலார் சிலர் கூறுவர். நீச்சல், மற்போர், மகளிர் ஆட்டங்கள் ஆகியவை கால்பந்தின் வருவாயால் வாழ்கின்றன என்பதும் பல இடங்களில் உண்மையே.

எனினும் என் ஐயம் வரவு செலவைப் பற்றியதன்று. ஆதாயம் வருகிறது என்பதாலேயே ஒரு செயல் கல்விக்கூடத்திற்கு உரியதாகிவிடுமானால், அதன் வாயிலில் கடைகண்ணி வைப்பதையும் மறுக்க வழியில்லை. நம் இல்லங்களில் அமானிதம் என்ற சொல் வழங்குகிறது. ஒருவர் நம்பித் தந்ததைத் தந்த நோக்கம் பிறழாமல் காப்பது அது. படிப்புக்கென்று அம்மாணவி தந்த காசு அமானிதம். அவள் இசைவு கேளாது அதனைத் திருப்பிவிட எவருக்கும் உரிமையில்லை என்பதே என் துணிபு.

ஆடியவருக்கும் நீதி எளிதில் கிட்டவில்லை. கொலராடோ மாநிலத்தில் கல்லூரி ஆட்டமொன்றில் அடிபட்டு இறந்த இளைஞரின் மனைவி, தொழிலாளர்க்குரிய இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சீட்டு விற்குங்கால் தொழில்; கைம்பெண் வந்து நிற்குங்கால் கல்வி! பல்கலைக் கழகங்களே ஆட்டக்காரருடன் வருவாயைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்க 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பங்குக்குரிய பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே இப்போது பல பல்கலைக் கழகங்களின் கவலை. கட்டணத்தின்மேல் மீண்டும் கண் விழுகிறது.

விலகி நிற்பதும் எளிதன்று. அலபாமா பல்கலைக் கழகத்தின் பர்மிங்காம் கிளை 2014 டிசம்பரில் செலவு தாங்காது கால்பந்தை நிறுத்தியது. எழுந்த ஆரவாரத்தில், நன்கொடையும் குவிய, ஆறே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. ஆனால் அதற்கு முன்னரே ஒருவர் துணிந்ததுண்டு. சிகாகோப் பல்கலைக் கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ், 1939இல் அங்கே கால்பந்தை அறவே நீக்கினார். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கும் ஹைஸ்மன் விருதை முதன்முதலில், 1935இல், வென்றவர் அப்பல்கலைக் கழக மாணவர் என்பதை எண்ணினால் அத்துணிவின் அளவு விளங்கும். வெறிச்சோடிய அவ்வரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2ஆம் நாள், என்ரிகோ ஃபெர்மியும் துணைவரும் முதல் அணுத் தொடர்வினையை அடக்கியாண்டு காட்டினர்.

கால்பந்து 1969இல் அங்கே திரும்பி வந்தது. விளையாட்டுக்கென எவருக்கும் உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் அப்பல்கலைக் கழகம் இன்று ஆடுகிறது. பழைய அரங்கு நின்ற இடத்தில் 1970இல் பெரியதொரு நூலகம் எழுந்தது. மாணவர் அங்கே இரவு நெடுநேரம் அமர்ந்து படிக்கிறார்கள்.