எத்தனை பேருக்கு?

செகந்திராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் இரவு ஏழரை மணிக்கு மேல்தான் வீடு திரும்புகிறார்கள். எல்லாரும் இன்டர், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறவர்கள். பகலெல்லாம் கல்லூரி, அது முடிந்தால் நுழைவுத்தேர்வுப் பயிற்சி. கோடை விடுமுறையிலும் வகுப்பு உண்டு. என் தம்பி மகனும் அவர்களில் ஒருவன், பதினாறு வயது. அவனுடைய அப்பா, அம்மா இருவரும் வேலை முடிந்து வர ஒன்பதாகிவிடும். போன கோடையில் ஒருநாள் முதுகுப்பையோடு நேரே என் வீட்டுக்கு வந்தான். “அத்தை, பத்து நிமிஷத்துல ஆகிற மாதிரி நாலு அயிட்டம் சொல்லிக்கொடுங்க. அது போதும் எனக்கு.”

அந்த வயதில் பசிக்குப் பொறுமை கிடையாது. அவன் கேட்டதில் தப்பே இல்லை. அடுப்பில் கொதிக்கவைக்க வேண்டாத ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று பச்சிப்புலுசு சொல்லிக்கொடுத்தேன். வாரங்கல்லிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஆன்ட்டியிடம் நான் கற்றது அது. நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்துக் கரைத்து, தண்ணீர் விட்டு நீர்க்க விளாவ வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயம், தீயில் சுட்ட பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு எல்லாவற்றையும் கையாலேயே நன்றாகப் பிசைந்து அதில் சேர்க்க வேண்டும். துளி வெல்லம். விருப்பமிருந்தால் வறுத்த எள்ளுப்பொடி. கடைசியில் ஒரு தாளிப்பு. கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அடுப்படியில் அதிக நேரம் நிற்காமல் சோறு உண்ண ஒரு வழி. கொங்குப் பக்கம் சின்ன வெங்காயமும் சீரகமும் தட்டிப்போட்டு இதையே பச்சைப்புளி ரசம் என்பார்கள். நடுவில் எத்தனையோ நூறு மைல், இரண்டு மொழி. ஆனாலும் இரண்டு ஊர் அம்மாக்களுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

தாளிப்பில்தான் அவன் திணறினான். கடுகு வெடித்த பிறகு கறிவேப்பிலையைத் தேடினான். அதைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டப் போட்டான். எண்ணெய் தெறித்து, இரண்டடி பின்னால் குதித்தான். கையில் சின்னதாக ஒரு கொப்புளம். நான் கரண்டியை வாங்கிக்கொள்ளவில்லை. கையைக் குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் காட்டச் சொல்லிவிட்டு, “எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு அடுப்பைப் பத்த வை” என்றேன். இரண்டாம் தடவை அவனே கறிவேப்பிலையைத் துணியில் துடைத்து, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டான்.

அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவன் கேட்ட பத்து நிமிஷம் எங்கிருந்து வருகிறது? புளியை நான் மதியமே ஊறப்போட்டிருந்தேன். எள்ளை வறுத்துப் பொடித்தது போன ஞாயிற்றுக்கிழமை. தோசை வார்க்க இரண்டு நிமிஷம்தான். ஆனால் அரிசியும் உளுந்தும் நேற்றே ஊறி, அரைபட்டு, ராத்திரியெல்லாம் புளித்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் முன்னாலேயே செலவழித்து வைத்த நேரத்தை எடுத்துத்தான் நாம் சீக்கிரம் சமைக்கிறோம். அந்த யாரோ பெரும்பாலும் அம்மா. சாப்பிடுகிறவர்கள் கண்ணுக்கு அந்த நேரம் படுவதில்லை. எனக்கும் பதினாறு வயதில் பட்டதில்லை.

அடுத்தது சோறு. “எவ்வளவு அரிசி போடணும் அத்தை?” என்றான்.

“எத்தனை பேருக்கு?”

“எனக்கு மட்டும்தான்.”

சட்டென்று சொல்லிவிட்டான். அளந்து கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், புது அரிசியானால் சற்றுக் குறைவு, மூன்று விசில், பிறகு வெயிட்டைத் தொடாமல் ஆவி தானாக அடங்கும்வரை காத்திரு என்று சொன்னேன். ஆனால் அவன் சொன்ன பதில் மனசில் நின்றுவிட்டது. அதே பதிலை நான் வேறொருவர் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதற்கு ஒரு பக்கம் செகந்திராபாத் கன்டோன்மென்ட் காரணம், மறுபக்கம் ரயில். நிஜாம் காலத்திலேயே எழுந்த லாலாகுடா பணிமனை, பிறகு 1966 அக்டோபர் 2 அன்று செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்த தென் மத்திய ரயில்வே. வேலை தேடி வந்தவர்கள் பாதைகளின் ஓரத்திலேயே குடியேறினார்கள். அப்பா டியூட்டிக்குப் போகும்போது லைன் பாக்ஸில் கொடி, விளக்கோடு ஒரு துணிப்பையில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூளும் போகும். ரயிலோடு போகிறவர்கள் டியூட்டிக்கு நடுவே தங்கும் காஜிப்பேட்டை ரன்னிங் ரூமில் அவரே சமைத்துக்கொள்வார். கூட வேலை பார்த்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாவின் தக்காளி ரசத்தைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார்கள். நாங்கள் ஒருநாளும் அதைச் சாப்பிட்டதில்லை. காஜிப்பேட்டையில் ரசம் வைத்த கை மல்காஜ்கிரியில் டம்ளரைக்கூட எடுத்து வைக்காது. அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் பத்து வயதில் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி அடுப்பு பற்றவைத்தேன். அப்பா அன்பில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அவர் சமைக்கக் கற்றது தன் ஒரு வயிற்றுக்கு. அரிசிப் பையில் இருந்தது அவருக்கான ஓர் ஆழாக்கு.

எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி. அம்மா அரிசி எடுக்கும்போது வாய் முணுமுணுக்கும். நாங்கள் மூன்று பேர், பாட்டி, அப்பா இன்றைக்கு லைனில் இருந்தால் கழித்து, வந்துவிடுவார் என்றால் சேர்த்து. எண்ணி முடித்த பிறகு ஒரு பிடி கூடுதலாக விழும். “இது யாருக்கும்மா?” என்று கேட்டால், “வர்றவங்களுக்கு” என்பாள். தினமும் யாராவது வந்தார்களா என்றால் இல்லை. அந்தப் பிடி மறுநாள் காலை பழைய சோறாகும். ஆனாலும் அந்தப் பிடி இல்லாமல் அம்மா உலை வைத்ததே இல்லை.

அளவும் செய்முறையும் கற்கப் புத்தகங்கள் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் சமையல் நூல் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. உறவுக்காரப் பெண்கள் கேட்கக் கேட்கச் செய்முறைகளை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை, புத்தகமாகவே எழுது என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அடுப்படியில் பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாத இளம் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய துணை! இன்று அந்த இடத்தில் கைப்பேசிக் காணொளி இருக்கிறது, பையன்களும் பார்க்கிறார்கள். நல்லதுதான். எத்தனை நிமிஷம், எத்தனை கரண்டி என்பதையெல்லாம் அது சொல்லிக்கொடுத்துவிடும். வீட்டில் யார் இன்னும் சாப்பிடவில்லை என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதனால்தான் பிள்ளைகளுக்குச் சமையலைக் கற்றுக்கொடுக்கும்போது, ‘நாளைக்கு ஹாஸ்டலில் உதவும், வெளிநாட்டில் உதவும்’ என்று மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. அப்படிக் கற்றால் இன்னொரு ரன்னிங் ரூம்தான் உருவாகும். தன் பசி யாரும் சொல்லாமலே தெரியும். இன்னொருவர் பசி எண்ணினால்தான் தெரியும். அரிசிப் பானைக்குள் கை விடுகிற அந்த ஒரு கணத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொரு முகமும் மனசில் வந்து போக வேண்டும். நாம் பாசம் என்று சொல்கிறோமே, அது தினப்படி வாழ்க்கையில் பெரும்பாலும் இந்தக் கணக்காகத்தான் இருக்கிறது. அம்மா எங்களைக் கொஞ்சியது குறைவு. எண்ணாமல் விட்டதில்லை.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. பித்தளை ஆழாக்கை மட்டும் ஒரு பையில் போட்டு அவனிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஆடி மாதம் ஒரு மாலை. நல்ல மழை. செகந்திராபாத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“அத்தை, அம்மாவுக்கு லேட்டாகுமாம். அப்பா வந்துட்டிருக்கார். நீங்க மழையில போய் இனிமே எங்க சமைப்பீங்க? இங்க வந்துடுங்க. அரிசி அளந்துட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க, உங்களையும் சேர்த்துக்கவா?”