பத்து டாலர் ரயிலின் கடன்

2013 நவம்பரில் கனடா வெளியிட்ட பத்து டாலர் நோட்டைத் திருப்பிப் பார்த்தால், ராக்கி மலைகளுக்கு நடுவே வளைந்து வரும் ஒரு ரயில் தெரியும். டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே 4,466 கிலோமீட்டர் ஓடும் ‘கனேடியன்’ அது. முன்பக்கத்தில் நாட்டின் முதல் பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்ட். மேற்குக் கரையிலிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா 1871இல் கனடாவோடு சேர்ந்ததே ரயில் பாதை போட்டுத் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பித்தான். ஒரு பக்கம் வாக்குக் கொடுத்தவர், மறுபக்கம் நிறைவேறிய வாக்கு. பார்க்க அழகான நோட்டு.

பணம் என்பதே ஒரு கடன் சீட்டு. புழக்கத்தில் விட்ட நோட்டுகளை மத்திய வங்கிகள் தங்கள் ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில்தான் எழுதுகின்றன. இந்திய ரூபாய் நோட்டில், வைத்திருப்பவருக்குத் தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டே உறுதி சொல்கிறார். எண்ணுக்கு இப்படி ஒரு கடன் இருக்கிறதென்றால், எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்ட படத்துக்கு?

அந்தப் படத்தில் இல்லாதவர்களிடமிருந்துதான் பதிலைத் தேட வேண்டும். 1881 முதல் 1885 வரை பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாதை போட்டவர்களில் சுமார் 15,000 பேர் சீனர்கள். பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையை வெடி வைத்துப் பிளந்து, குகை குடைந்து, தண்டவாளத்துக்கு இடம் செய்தவர்கள். நாளுக்கு ஒரு டாலர் கூலி. சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. வெள்ளையர்களுக்குக் கூலி அதைவிட அதிகம். வெடிவிபத்திலும் பாறைச் சரிவிலும் காய்கறியே கிடைக்காமல் வந்த ஸ்கர்வி நோயிலும் குறைந்தது 600 பேர் மாண்டார்கள். இந்த உழைப்பு இல்லையென்றால் ரயிலும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டவர், நோட்டின் முன்பக்கத்தில் இருக்கும் அதே மக்டொனால்ட்தான்.

1885 நவம்பர் 7 அன்று கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் ரயில் நிறுவன இயக்குநர் டொனால்ட் ஸ்மித் கடைசி ஆணியை அடித்தார். கனடாவின் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்று அது. தொப்பியும் தாடியுமாக எத்தனையோ பேர் நிற்கிறார்கள். ஒரு சீன முகம்கூட இல்லை. அதே ஆண்டு மக்டொனால்ட் அரசு, நாட்டுக்குள் வரும் சீனர் ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் 50 டாலர் தலைவரி விதித்தது. 1903இல் அது 500 டாலரானது. 1923இல் கதவே ஏறக்குறைய மூடப்பட்டது, 1947 வரை.

அவர்களையும் நோட்டில் வரைந்திருந்தால் சரியாகியிருக்குமா? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், தென் மாநிலக் கூட்டமைப்பு நூறு டாலர் நோட்டுகளை வெளியிட்டது. ஒரு வகையில் புகை கக்கும் ரயில் இருந்தது. இன்னொரு வகையில் பருத்திக் காட்டில் மண்வெட்டி பிடித்த அடிமைகள். தென் மாநிலங்களின் ரயில் பாதைகளில் பெரும்பகுதியை அமைத்ததும் அடிமைகளே. நோட்டை வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு சென்ட் வட்டி தருவதாக அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர்களுக்குக் கூலியே கிடையாது. ஆக, படத்தில் இடம் கொடுப்பதும் கடன் தீர்ப்பதும் வேறு வேறு.

என்றோ நடந்த அநியாயத்துக்கு இன்றிருப்பவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அது குற்றத்தையும் கடனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. குற்றம் செய்தவனோடு போகும். கடன் அப்படிப் போவதில்லை. இந்தியச் சிந்தனை இதை வெகு காலத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்தது. மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்கிறது வேத மரபு. சதபத பிராமணம் நான்காவதாகச் சக மனிதர்களுக்கான கடனையும் சேர்க்கிறது. அவன் எதையும் கேட்டு வாங்கவில்லை, எந்தப் பாவமும் செய்யவில்லை, ஆனாலும் கடனாளி. பிறர் உழைத்துச் சேர்த்ததை அனுபவிப்பதாலேயே கடன் வந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் மக்டொனால்டின் வாரிசுகள் மட்டுமல்ல, நேற்று விமானத்தில் வந்து இறங்கி இன்று ரயிலேறுகிறவரும் அந்த 15,000 பேருக்குக் கடன்பட்டவரே. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2006 ஜூனில் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. தலைவரி கட்டி அன்று உயிரோடிருந்தவர்களுக்கும், இறந்துபோனவர்களின் வாழ்க்கைத்துணைகளுக்கும் ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அரசு வசூலித்த தலைவரி மொத்தம் சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர். கட்டியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணோடு மண்ணாகியிருந்தார்கள். கொடுத்த 20,000 டாலரும் வரிக்கான ஈடு. மலையைக் குடைந்த உழைப்புக்கு அதில் ஒரு காசும் இல்லை. அந்த மன்னிப்புக்கு ஏழு ஆண்டுகள் கழித்து வந்த நோட்டில் ரயில் இருந்தது, அதற்கு வாக்குக் கொடுத்தவர் இருந்தார், உழைத்தவர் இல்லை. நடந்ததை அறிந்த பிறகும் அப்படி அச்சிட்டது தவறு.

2018 நவம்பரில் பத்து டாலர் நோட்டு மாறியது. இப்போது அதில் இருப்பவர் வயோலா டெஸ்மண்ட். 1946இல் திரையரங்கில் வெள்ளையர் பகுதியிலிருந்து எழ மறுத்ததால், ஒரு சென்ட் வரி குறைவாகக் கட்டினார் என்று வழக்குப் போட்டுத் தண்டிக்கப்பட்ட கறுப்பினப் பெண். ரயில் போய்விட்டது, பின்பக்கத்தில் வின்னிபெக் நகரின் மனித உரிமை அருங்காட்சியகம்.

டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டர் மைதானத்துக்கு அருகே, 1989இல் நிறுவிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மரப்பாலச் சட்டத்தின் மேல் இரண்டு சீனத் தொழிலாளர்கள். ‘கனேடியன்’ புறப்படும் யூனியன் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். டொராண்டோத் தமிழர்கள் அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைகளை அங்கே கூட்டிச் சென்று, அந்தத் தொழிலாளர்கள் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.