விடை தராத விருந்தாளி

ஆவலோடு படித்து வந்த கதை, முடிவில் நம்மை நடுத்தெருவில் விட்டுவிட்டால் நமக்குச் சினம் எழுகிறது. இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்து 2008-இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1973-இல் வெளியிட்ட ராமாவைப் பற்றிய அறிவியல் புதினம் அத்தகையது. 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை வடிவக் கலமொன்று நம் சூரிய மண்டலத்துள் நுழைகிறது. மனிதர் அதற்கு 'ராமா' எனப் பெயரிட்டு, உள்ளே சென்று பார்க்கின்றனர். கடல் இருக்கிறது, நகரங்களை ஒத்த அமைப்புகள் இருக்கின்றன, கட்டியவரைக் காணோம். யார் அனுப்பினர், எதற்காக? விடை தராமலே ராமா கடந்து போய்விடுகிறது.

ஏமாந்தோம் என்று வாசகர் குறைகூறுவதில் நியாயம் உண்டு. லாரி சென்று திரும்பினால் வாடகை, டீசல், பேட்டா அனைத்திற்கும் கணக்குக் கேட்கும் சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் நாம். கதையிடமும் கணக்குக் கேட்கிறோம். கிளார்க்கும் ஜென்ட்ரி லீ என்பவரும் சேர்ந்து 1989 முதல் 1993 வரை மூன்று தொடர்நூல்கள் எழுதிக் கணக்கை ஒப்புவித்தனர். விடைகள் வந்தன; வியப்போ குறைந்தது என்றே வாசகர் பலர் கருதினர்.

எனினும் முதல் நூலின் உள்ளீடு வேறு. ராமாவின் நோக்கம் விளங்காததால் அஞ்சிய புதன் கோள் குடியேறிகள், அதை அழிக்க அணுகுண்டை ஏவுகின்றனர். குண்டைச் செயலிழக்கச் செய்பவர் ரோட்ரிகோ என்னும் சமயப்பற்றுள்ள விண்வெளி வீரர். அவருடைய கற்பனைச் சபையின் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் புதிரைக் கண்டு அஞ்சியவர் அழிக்க முனைந்தனர். நம்பியவர் காத்து நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

யோபுவும் தம் துன்பத்திற்குக் காரணம் கேட்டார். இறைவன் சூறாவளியினின்று பேசினார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஆயினும் இறைவனின் கண்டனத்திற்கு உள்ளானவர், கேள்வி கேட்ட யோபு அல்லர். எல்லாவற்றிற்கும் விளக்கம் வைத்திருந்த நண்பர்களே.

நெடுஞ்சாலை விபத்தில் மகனை இழந்த தாய், "ஏன் சாமி?" என்று கதறும்போது நாம் என்ன செய்கிறோம்? "எல்லாம் கடவுள் சித்தம்" என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம். அது அவளுக்கு ஆறுதலா, அவளது கேள்வியிலிருந்து நாம் தப்பிக்கும் வழியா? யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அதுவே.

புதினம் விடை தராவிடில் மூடி வைத்துவிடலாம். அந்தத் தாயை அப்படி விட்டுவிட இயலாது. விடை நம்மிடம் இல்லை. அவளருகே அமர இடம் உண்டு.