முகம் காட்டாத கடிதம்

2025 ஏப்ரல் 29 அன்று, பெங்களூரில் கர்நாடக உயர்நீதிமன்றம் புரோட்டான் மெயில் என்னும் சுவிட்சர்லாந்து மின்னஞ்சல் சேவையைத் தடை செய்ய நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களைப் பற்றி ஆபாசக் கடிதங்கள் அதன்வழி அனுப்பப்பட்டன என்பது முறையீடு. கணக்குத் தொடங்குவோரிடம் அச்சேவை அடையாளச் சான்று கேட்பதில்லை.

முகத்தை மறைத்துப் பிறரைப் புண்படுத்துவோனுக்குச் சுதந்திரம் என்ற சொல் பொருந்துமா? ஒருபோதும் பொருந்தாது. அப்பெண்களின் துன்பம் தத்துவ விவாதம் முடியும்வரை காத்திருக்கக் கூடியதும் அன்று. ஆனால், ‘நீ யார் என்று காட்டிவிட்டு எழுது’ என்னும் விதி அவனோடு நிற்பதில்லை. மேலதிகாரியின் ஊழலை வெளிப்படுத்த அஞ்சும் எழுத்தரும், கணவனின் அடிக்கு அஞ்சி உதவி கேட்கும் மனைவியும் அதே மறைவைத்தான் நாடுகின்றனர்.

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, 2012-இல் தமது 86-ஆம் வயதில் ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வரம்பற்ற உரிமை என்று அவர்களும் கூறவில்லை. அரசு தலையிடலாம், ஆனால் நோக்கத்திற்குத் தக்க அளவில் மட்டுமே.

சிக்கல் அந்த அளவில்தான் இருக்கிறது. கள்வன் ஒளிந்த வீட்டைச் சோதிப்பது வேறு, தெருவையே அடைப்பது வேறு. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் ஆணைக்குப் பணிந்து இதே சேவை ஒரு பயனரின் இணைய முகவரியை அளித்ததுண்டு. அவ்வழி மெதுவானது, அதுவரை பொறுத்திருக்குமாறு அவமதிக்கப்பட்ட பெண்ணிடம் கூறுவது எளிதன்று.