பேரன் பேரில் ஒரு கடன்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் வரவா, செலவா, யார் கணக்கில் எழுதுவது என்றுதான் புத்தி போகும். அணு உலை விபத்தின் பௌதிகத்தை விஞ்ஞானிகள் எழுதட்டும். எனக்குப் புரிவது அதன் கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்குதான் இடிக்கிறது!

நீங்கள் மயிலாப்பூரில் ஏதோ ஒரு வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருப்பீர்கள். இன்றைய பணம் நாளைக்கு எவ்வளவாகும் என்பது உங்களுக்கு அத்துப்படி. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நூறு வருடம் கழித்து ஒரு கோடி ரூபாய் நஷ்டம் வரப்போகிறது என்றால், அதற்காக இன்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? ஏழு சதவிகித வட்டியில் சுமார் 11,500 ரூபாய். தி.நகரில் ஒரு சுமாரான பட்டுப்புடவை விலை! கொள்ளுப்பேரனின் ஒரு கோடி நஷ்டம், நம் கண்ணுக்கு ஒரு புடவையாகத் தெரிகிறது. கணக்கில் தப்பு இல்லை. ஆனால், அந்த நூறு வருடமும் வங்கி திவாலாகக் கூடாது. யுத்தம் வரக் கூடாது. யாரும் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. அப்படி ஒரு நூறு வருடத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

சரி, விபத்துக்கு வருவோம்.

1986 ஏப்ரல் 26. செர்னோபிலில் நான்காவது உலை நள்ளிரவு தாண்டி வெடித்தது. பக்கத்து ஊரான பிரிப்யாட்டில் சுமார் 49,000 பேர். மறுநாள் மதியம் பஸ்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘மூன்று நாளில் திரும்பிவிடலாம்’ என்று சொல்லி ஏற்றினார்கள். அந்த ஊர் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில், கதிர்வீச்சு கலந்த மழை புல்லில் விழுந்தது. புல்லை ஆடு தின்றது. ஆட்டை விற்கத் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் கட்டுப்பாடு முழுமையாக விலகியது 2012-ல். மூன்று வாரம், 26 வருடமாக நீண்டுவிட்டது.

ஏன்? சீசியம்-137 என்ற பொருள் பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். 1986-ல் மண்ணில் விழுந்தது 2016-ல் பாதியானது. 2046-ல் கால். அசலைக் கட்டி முடிக்கவே முடியாத இ.எம்.ஐ. மாதிரி! அயோடின்-131 அப்படியில்லை, எட்டே நாளில் பாதியாகிவிடும். ஆனால், அந்தச் சில வாரங்களில் அது புல்லிலிருந்து மாட்டுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் தைராய்டுக்கும் போய்விட்டது. ‘இந்தப் பாலைக் குடிக்காதீர்கள்’ என்று ஊர் முழுக்க உடனே சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு தைராய்டு புற்றுநோய் வந்தது. கணிசமான பங்கு அந்த அயோடினால். பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு நோயால் முதல் சில மாதங்களில் இறந்தவர்கள் 28 பேர். பின்னாளில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் இன்றும் சண்டை. அதிகக் கதிர்வீச்சு வாங்கியவர்களில் 4,000 பேர்வரை இறக்கக்கூடும் என்றது 2005-ல் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தந்த அறிக்கை. அதெல்லாம் குறைத்துச் சொன்னது என்கிறார்கள் மற்றவர்கள். இழப்பு எவ்வளவு என்றே எழுத முடியாத கடன் இது.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 1906-ல் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போட்டுவைத்த பணம் போச்சு. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். மறு வருடமே மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னால் நின்று இந்தியன் வங்கியைத் தொடங்க வைத்தார். ஏமாந்தவர்களே பாடம் படித்தார்கள், ஏமாற்றியவரே தண்டனை வாங்கினார். அந்தத் தலைமுறையோடு கணக்கு முடிந்தது.

செர்னோபில் கணக்கு முடியவில்லை. வெடித்த உலை மேல் 2016-ல் ஒரு பிரம்மாண்டமான எஃகு வளைவை நகர்த்தி மூடினார்கள். நூறு வருடம் தாங்கும் என்றார்கள். நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. 2022-ல் ரஷ்ய ராணுவம் அந்த வளாகத்துக்குள் புகுந்து ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. 2025 பிப்ரவரியில் ஒரு டிரோன் அந்த வளைவையே துளைத்தது. நூறு வருட கேரன்டியில் ஒன்பது வருடம்கூட முடியவில்லை. 1986-ல் அந்த உலைக்குப் பொறுப்பாக இருந்த சோவியத் யூனியனே 1991-ல் காணாமல் போய்விட்டது. கடன் வாங்கிய கம்பெனி இல்லை, கடன் மட்டும் இருக்கிறது!

ஜப்பான்காரர்கள் ஒழுங்கானவர்கள் ஆயிற்றே என்பீர்கள். 2011-ல் ஃபுகுஷிமாவில் உருகிய மூன்று உலைகளில் சுமார் 880 டன் எரிபொருள் சிதைவு கிடக்கிறது. அதிலிருந்து முதன்முதலாக ஒரு துணுக்கை வெளியே எடுத்தது 2024 நவம்பரில். எடை 0.7 கிராம். தி.நகர் நகைக்கடையில் விற்கும் ஒரு கிராம் காசைவிடக் குறைவு. 2023-ல் ஜப்பான் அரசு போட்ட மதிப்பீட்டின்படி மொத்தச் செலவு 23.4 லட்சம் கோடி யென். நம் பணத்தில் பத்து லட்சம் கோடிக்கும் மேல். நம் நாட்டில் 2010-ல் வந்த சட்டம், அணு விபத்து நடந்தால் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடிக்கு மேல் போகாது என்றது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதுச் சட்டம், மிகப் பெரிய நிலையங்களுக்கு அதை 3,000 கோடி ஆக்கியது. மிச்சம் யார் கணக்கில்? அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கேயோ என்று நினைக்காதீர்கள். அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. அந்த நிலையிலும் வேலையைச் சரியாகச் செய்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முந்தைய வருடம், 2003 ஜனவரியில், அதே கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியே நமக்குத் தெரிய வந்தது சில மாதங்கள் கழித்து. பால் விஷயத்தில் சோவியத் செய்ததும் இந்த மௌனத்தைத்தான். அளவுதான் வேறு.

‘அப்ப எல்லாத்தையும் மூடிடலாமா சார்?’ என்று கேட்பீர்கள். மே மாத ராத்திரி கரன்ட் போனால் மின்வாரியத்துக்கு முதல் போன் போடுகிறவன் நான். எண்ணூரில் நிலக்கரியை எரித்தால் சாம்பல் விழுவது வடசென்னைக்காரர் தலையில், பெசன்ட் நகரில் இல்லை. அதுவும் அடுத்தவர் பேரில் வாங்கும் கடன்தான். என் சங்கடம் வேறு. ஏசி ஓடுவது நம் வீட்டில். உலைக்குப் பக்கத்தில் வலை வீசுவது சதுரங்கப்பட்டினத்து மீனவர். கழிவைக் காவல் காக்கப்போவது இன்னும் பிறக்காத யாரோ. மூன்று பேரில் ஒருவரிடம்தான் நாம் சம்மதம் கேட்கிறோம், அதுவும் நம்மிடமே. மீனவர் தரப்பிலிருந்து 2011, 2012-ல் இடிந்தகரைக்காரர்கள் கூடங்குளத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. பிறக்காதவனுக்குக் கேள்வி கேட்கவும் வாய் இல்லை.

வாய் இல்லாதவனுக்காக யோசித்தவர் ஒருவர் இருந்தார். ஃபுகுஷிமா உலைகளை நடத்திய கம்பெனி, 15.7 மீட்டர் அலை வரலாம் என்று 2008-லேயே கணக்குப் போட்டு, மேற்கொண்டு ஆராயலாம் என்று தள்ளி வைத்தது. அதற்குப் பல வருடம் முன்பே, பக்கத்து மின் நிறுவனமான தொஹோகுவில் ஹிராய் யானோசுகே என்பவர், ஒனகாவா அணுமின் நிலையத்தைக் கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மனதில் இருந்தது கி.பி. 869-ல் வந்த ஒரு சுனாமி! அவ்வளவு உயரம் எதற்கு, வீண் செலவு என்றவர்களிடம் அவர் மசியவில்லை.

2011 மார்ச் 11 அன்று ஒனகாவாவுக்கு 13 மீட்டர் அலை வந்தது. ஃபுகுஷிமாவைவிட அது நிலநடுக்க மையத்துக்குப் பக்கம். உலைகள் பத்திரமாக நின்றன. வீடு இழந்த ஊர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணுமின் நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்து, வாரக்கணக்கில் தங்கியிருந்தார்கள். ஹிராய் அதைப் பார்க்கவில்லை. செர்னோபில் வெடித்த 1986-லேயே அவர் இறந்துவிட்டார்.