கேட்டறியும் கடன்

ஒரு கட்டடத்துக்குப் பணம் போடுபவரும் அதில் செங்கல் சுமப்பவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிவதில்லை. உரிமையாளர் முதன்மை ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருகிறார். அவர் வேலையைச் சென்ட்ரிங், மின்வேலை, குழாய்வேலை என்று பிரித்துத் துணை ஒப்பந்தக்காரர்களிடம் விடுகிறார். அவர்கள் கம்பியையும் சிமெண்டையும் கடனுக்கு எடுத்து, மேஸ்திரி மூலம் ஆள் பிடிக்கிறார்கள். நடுவில் ஒருவர் பணத்தை முடக்கினால் சித்தாளின் கூலியும் சூளைக்காரரின் பாக்கியும் நின்றுபோகும். உரிமையாளரோ தம் பங்கை முழுதாகக் கொடுத்திருப்பார். அவர்மீதும் பழி உண்டா? யாரிடம் பொருள் வாங்கினீர்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று துணை ஒப்பந்தக்காரரிடம் விசாரிப்பது உரிமையாளரின் உரிமை மட்டுமா, கடமையுமா?

கூலியைப் பற்றிச் சமய நூல்கள் தயக்கமின்றிப் பேசுகின்றன. கூலிக்காரனின் கூலி விடியும்வரை முதலாளியிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம். வியர்வை உலருமுன் கூலி தரச் சொல்லும் நபிமொழி இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ளது. எரேமியா தீர்க்கதரிசி கட்டடத்தையே எடுத்துக்கொண்டு பேசுகிறார்: கேதுரு மரப் பலகையும் விசாலமான பலகணிகளுமாக மாளிகை எழுப்பி, உழைத்தவனுக்குக் கூலி கொடுக்காத யோயாக்கீம் அரசனை 22ஆம் அதிகாரத்தில் அவர் கண்டிக்கிறார். ஆனால் இவை எல்லாவற்றிலும் இருவர்தாம் இருக்கிறார்கள்: வேலை கொடுத்தவர், வேலை செய்தவர். இடையில் மூன்றாமவர் வந்தால் என்ன ஆகும் என்று இவை சொல்வதில்லை.

அந்த இடத்தில் நேராகக் கை வைத்தவர்கள் யூத அறிஞர்கள். யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் பாவா மெட்சியா பகுதியில் ஒரு விவாதம் வருகிறது. ஒருவர் இன்னொருவரிடம், ‘போய் எனக்கு ஆள் அமர்த்து’ என்கிறார். அமர்த்தப்போனவர் ஆட்களிடம், உங்கள் கூலி வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லிவிடுகிறார். கூலி தாமதமானால் இருவருமே கூலியை இரவு கடத்தக் கூடாது என்ற விலக்கை மீறியவர்கள் ஆக மாட்டார்கள். வீட்டுக்காரர் அவர்களை அமர்த்தவில்லை. அமர்த்தியவருக்கோ அந்த உழைப்பின் பலன் கிடைக்கவில்லை. கூலி தானே தருவதாகச் சொல்லி அமர்த்தியிருந்தால் பொறுப்பு அமர்த்தியவரைச் சேரும். இருவரும் தப்பும் இடத்திலும் கடன் அழிந்துவிடுவதில்லை. இரவு கடத்திய பாவம் மட்டுமே யார் தலையிலும் விழாமல் போகிறது. துணை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் உள்கூடு இந்தச் சிறு விவாதத்திலேயே முழுதாகத் தெரிகிறது: ஒவ்வொருவரும் ‘என்னால் அல்ல’ என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது, உழைத்தவர் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறார். அதே பகுதி, ஒருவன் உயரத்தில் ஏறி, மரத்தில் தொங்கி உயிரைப் பணயம் வைப்பது கூலிக்காக அல்லவா என்றும் கேட்கிறது. ஆகவே இந்த விடுவிப்பை அலட்சியமாக வாசிக்க இடமில்லை.

விசாரிப்பது அவநம்பிக்கை ஆகாதா என்ற மறுப்புக்கும் வேதாகமத்தில் ஆதாரம் உண்டு. யோவாஸ் அரசன் காலத்தில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது, வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை. அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்கிறது இரண்டாம் இராஜாக்கள் நூல். நம்பிக்கை உயர்ந்த பண்புதான். ஆனால் அந்த நம்பிக்கை பொய்த்தால் யார் நஷ்டப்படுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தன் பணத்தை நம்பி விடுபவர் தாராள மனம் படைத்தவர். பிறருடைய கூலியை ஒருவரிடம் நம்பி விடுவது தாராளம் அன்று. அதே வேதாகமத்தின் யாத்திராகமத்தில், ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொன், வெள்ளி, வெண்கலத்துக்கு எடைவாரியாகக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

அப்படிக் கணக்குக் கேட்காமல் விடுவதன் விலையைக் கரில்லியன் நிறுவனம் 2018 ஜனவரியில் பிரிட்டனில் காட்டியது. மருத்துவமனைகளையும் சாலைகளையும் கட்டிவந்த அந்நிறுவனம் விழுந்தபோது, சுமார் 30,000 விநியோகஸ்தர்களுக்கும் துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் பிற குறுகிய காலக் கடன்காரர்களுக்கும் ஏறத்தாழ 200 கோடி பவுண்டு பாக்கி நின்றதாக நாடாளுமன்றக் குழு அறிக்கை கூறியது. உரிய காலத்தில் பணம் தருவதாக உறுதி கூறும் நெறித்தொகுப்பில் கையெழுத்திட்டிருந்த நிறுவனம் அது. சிலருக்கு அது வைத்த தவணையோ 120 நாள்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டம் வேறு வழியில் போகிறது. வேலையாட்கள், பொருள் கொடுத்தவர்கள் அனைவரின் பெயரும், ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டிய தொகையும் கொண்ட பிரமாணப் பட்டியலைக் கொடுப்பது ஒப்பந்தக்காரரின் கடமை. பணம் தருமுன் அதைக் கேட்டு வாங்குவது உரிமையாளரின் கடமை. வாங்காமல் பணம் கொடுத்தவர், பாக்கி வரவேண்டியவர்கள் கட்டடத்தின்மீது உரிமை கோரினால் இரண்டாம் முறையும் கொடுக்க நேரலாம். தல்மூத் விவாதத்தில் இரு பக்கமும் நழுவிய பொறுப்பு இங்கே இரு தோள்களிலும் ஏற்றப்படுகிறது. இதுவே சரியான தீர்வு. அறியாமை இங்கே தற்செயல் அன்று. ஒரு கேள்வி கேட்டால் நீங்கிவிடக்கூடியது. கேட்காதிருப்பதும் ஒரு செயலே.

கேட்பதற்கும் எல்லை உண்டு. எந்தக் கடையில் என்ன விலைக்குச் சரக்கு எடுக்கிறார் என்பது துணை ஒப்பந்தக்காரரின் தொழில் இரகசியம். ஆண்டுக்கணக்கில் பழகித் தேடிய உறவு. அதைத் தெரிந்துகொண்டு அவரைத் தாண்டி அந்தக் கடைக்கே போவதற்காக விசாரித்தால் அது களவுக்கு நெருக்கமானது. பெயர், பாக்கி, பற்றுச்சீட்டு ஆகியவை போதும். இலாபக் கணக்கு வேண்டாம். பட்டியல் வரும்வரை நியாயமான பில்லையும் சேர்த்து முடக்கிவைப்பதும் அநீதியே. கூலியைக் காக்கவென்று கேட்ட கேள்வியே அப்போது கூலியை நிறுத்திவிடும்.

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்றது. ஒப்பந்தக்காரர் தவறினால் கூலியை முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்றும் வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இந்த இரண்டாம் பொறுப்பைத் தக்கவைத்துள்ளது. ஆனால் முன்னது 20 தொழிலாளர், பின்னது 50 தொழிலாளர் என்று கீழ்வரம்பு வைத்தவை. இந்தப் பொறுப்பு காப்பதும் கூலியை மட்டுமே. மணலும் செங்கல்லும் கொடுத்தவரின் பாக்கியை அல்ல. பத்துப் பேர் வேலை செய்யும் சாதாரண வீட்டுக் கட்டுமானத்தில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்கச் சொல்லி அந்தத் தொகுப்பு உரிமையாளரை வற்புறுத்துவதில்லை. வீடு கட்டுவோர் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் தாமாகவே அதைக் கேட்க வேண்டும்.